சமையல் கத்தி வாங்கும் முன் கழுவும் விதத்தை முடிவு செய்யுங்கள்: நான்கு கத்திகள், ஒரு மதிப்புரை

சமையலறைக்கு நல்ல கத்தி வாங்க நினைப்பவர்கள் எஃகின் தரத்தையும் கூர்மையையும் பிடியின் அழகையும் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். அந்தக் கத்தி நாள்தோறும் எப்படிக் கழுவப்படப் போகிறது என்பதை விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் யோசிப்பதில்லை. பெட்டியிலிருந்து எடுத்த அன்று எந்தக் கத்தியும் நன்றாகத்தான் வெட்டும். ஓராண்டு புழங்கிய பிறகு அது எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் உண்மையான சோதனை. அந்த நிலையைத் தீர்மானிப்பதில், வெட்டும் வேலைக்கு இருக்கும் பங்கைவிடக் கழுவும் விதத்துக்கு இருக்கும் பங்கு பல வீடுகளில் அதிகம். இதை மனத்தில் வைத்து, 20 சென்டிமீட்டர் அலகு கொண்ட, பெயர்பெற்ற நான்கு சமையல் கத்திகளை இங்கே மதிப்பிடுகிறேன்: சுவிட்சர்லாந்தின் விக்டோரிநாக்ஸ் ஃபைப்ராக்ஸ், ஜெர்மனியின் வுஸ்ட்ஹோஃப் கிளாசிக், ஜப்பானின் குளோபல் ஜி-2, அதே நாட்டின் ஷுன் கிளாசிக்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்த கையோடு கத்தியைக் கழுவித் துடைத்து வைக்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் இருக்குமானால், நான்கில் எதை வாங்கினாலும் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை; அப்போது கைக்கு எது பொருந்துகிறது என்பது மட்டுமே கேள்வி. யாரேனும் ஒருவர் அதை மற்றப் பாத்திரங்களோடு சேர்த்து டிஷ்வாஷரில் போட்டுவிடுவார் என்ற ஐயம் கொஞ்சம் இருந்தாலும், விக்டோரிநாக்ஸைத் தவிர மற்ற மூன்றையும் மறந்துவிடுவது நல்லது. நான்கு நிறுவனங்களுமே கையால் கழுவுவதைத்தான் பரிந்துரைக்கின்றன. அந்தப் பரிந்துரையை மீறினால் ஏற்படும் இழப்பு ஒவ்வொரு கத்திக்கும் வெவ்வேறு அளவில் இருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

டிஷ்வாஷரின் சூட்டில் கத்தியின் பதம் போய்விடும் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். அது சரியல்ல. கத்திக்கான எஃகைச் சுமார் 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி விரைவாகக் குளிர்வித்துக் கடினமாக்குகிறார்கள்; பிறகு அதன் நொறுங்கும் தன்மையைக் குறைப்பதற்காக ஏறத்தாழ 150 முதல் 200 டிகிரி வரையிலான சூட்டில் மீண்டும் வைத்தெடுக்கிறார்கள். டிஷ்வாஷரில் நீரின் வெப்பம் பொதுவாக 50 முதல் 70 டிகிரிக்குள்தான் இருக்கும். பதப்படுத்திய வெப்பத்தில் பாதியைக்கூட எட்டாத இந்தச் சூட்டினால் எஃகின் கடினம் குறைய வழியே இல்லை. கத்தி கெடுவது உண்மை, காரணம்தான் வேறு.

முதல் காரணம் சலவைப்பொருள். கையால் கழுவப் பயன்படும் பாத்திரத் திரவம் ஏறத்தாழ நடுநிலையானது. டிஷ்வாஷர் பொடியோ மாத்திரையோ அப்படியல்ல. அதில் சோடியம் கார்பனேட் போன்ற காரப்பொருள்களும், கறையை வெளுக்கும் பொருளும், மாவையும் புரதத்தையும் சிதைக்கும் நொதிகளும் இருக்கும். அது கரைந்த நீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 10-ஐத் தாண்டும் (7 என்பது நடுநிலை). கை தேய்க்காத இடத்தில் வேதியியல்தான் தேய்க்க வேண்டும் என்பதால் இந்த வீரியம் தவிர்க்க முடியாதது. இரண்டாவது காரணம் உப்பு. நீரின் கடினத்தன்மையைப் போக்குவதற்காகப் பல இயந்திரங்களில் சோடியம் குளோரைடை நிரப்புகிறோம். நிரப்பும்போது சிந்தியதோ, மூடி இறுக்கமாக இல்லாமல் கசிந்ததோ, உணவிலேயே ஒட்டியிருந்ததோ, எப்படி வந்தாலும் குளோரைடு எஃகின் பாதுகாப்புப் படலத்தைத் துளைக்கும். மூன்றாவது, நீர்த்தாரை. அதன் வேகத்தில் கரண்டிகளும் தட்டுகளும் லேசாக அசைந்துகொண்டே இருக்கும். ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமன் கொண்ட கூர்வாய் அவற்றின்மீது ஒரு மணி நேரத்துக்கு மேல் மோதிக்கொண்டே இருந்தால் அது மடியும், அல்லது சில்லாகப் பெயரும். கடைசியாக, ஈரம். கழுவி முடிந்த பிறகும் மூடிய பெட்டிக்குள் சூடான நீராவியில் விடிய விடிய நின்றுகொண்டிருக்கும் கத்திக்கு, கழுவிய நேரத்தைவிட அந்த நேரமே அதிகக் கெடுதல் செய்கிறது.

அதே கூடையில் இருக்கும் ஸ்பூன்களும் முள்கரண்டிகளும் ஆண்டுக்கணக்கில் பளபளப்பாக இருக்கின்றனவே, கத்தி மட்டும் ஏன் புள்ளி விழுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல ஸ்பூன்களின் எஃகில் 18 விழுக்காடு குரோமியமும் 10 விழுக்காடு வரை நிக்கலும் இருக்கும். அந்த எஃகு துருவை நன்றாகத் தாங்கும். ஆனால் அதைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது, எனவே கூர் நிற்காது. கத்திக்குக் கூர் நிற்க வேண்டுமானால் கார்பன் வேண்டும். சேர்த்த கார்பன், குரோமியத்தின் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக் கார்பைடாக்கிவிடுகிறது. எஞ்சிய குரோமியம்தான் மேற்பரப்பில் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலமாக அமைந்து இரும்பைக் காக்கிறது. ஆக, கத்தியின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது துருப்பிடிக்கத் தயங்கும் எஃகே அன்றி, துருவே பிடிக்காத எஃகு அன்று. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கியெடுத்த புகழ்பெற்ற ஸ்டெயின்லெஸ் எஃகில் குரோமியம் 12.8 விழுக்காடு இருந்தது. கத்தித் தொழிலுக்கு அது விரைவிலேயே போய்ச் சேர்ந்தது. அன்று முதல் இன்று வரை கத்தி எஃகு செய்பவர்களுக்கு இருக்கும் இழுபறி இந்த இரண்டுக்கும் இடையில்தான்: கூரைக் கூட்டினால் துருவைத் தாங்கும் வலிமை குறைகிறது, அதைக் கூட்டினால் கூர் குறைகிறது.

இயந்திரத்தில் தொடர்ந்து கழுவப்பட்ட கத்தி என்ன ஆகிறது என்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன். அது பெயர் சொல்லத் தேவையில்லாத சாதாரணக் கத்தி. டிஷ்வாஷருக்கு ஏற்றது என்று அதன் அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். எட்டி நின்று பார்த்தால் அலகு சற்று மங்கியிருந்தது, அவ்வளவுதான். கண்ணாடியின் வழியே பார்த்தபோது, வாய் நெடுக ஊசி குத்தியதைப்போல் நுண்ணிய பழுப்புப் புள்ளிகள் தெரிந்தன. நுனிக்குச் சற்றுக் கீழே, கூடைக் கம்பி படும் உயரத்தில், வாய் ஒரு பக்கமாக மடிந்திருந்தது. பிடியின் ஆணிகளைச் சுற்றி மயிரிழை அளவுக்கு இடைவெளி விழுந்து, அதற்குள் கறுப்பாக அழுக்கு ஏறியிருந்தது. அந்தக் கத்தியால் தக்காளியை வெட்டும்போது தோல் முதலில் அமுங்கிப் பிறகே பிளந்தது. ஏற்றது என்று அச்சிடுவதற்கு, கத்தி உடையாமல் வெளியே வந்தாலே போதும் என்பதுதான் பொருள் போலிருக்கிறது.

இனி கத்திகளுக்கு வருவோம்.

விக்டோரிநாக்ஸ் ஃபைப்ராக்ஸை அழகானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1884-இல் கார்ல் எல்ஸ்னர் தொடங்கிய இந்த நிறுவனம் மடக்குக் கத்திகளுக்குப் பெயர்பெற்றது என்றாலும், உணவகச் சமையலறைகளிலும் இறைச்சி வெட்டும் இடங்களிலும் அதன் கறுப்புப் பிடிக் கத்திகளையே அதிகம் காணலாம். அலகு தகட்டிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது, காய்ச்சி அடித்து உருவாக்கியதன்று. எக்ஸ்50சிஆர்மோவி15 என்ற ஜெர்மானியக் குறியீடு கொண்ட எஃகு. அதில் கார்பன் ஏறத்தாழ 0.5 விழுக்காடு, குரோமியம் சுமார் 15 விழுக்காடு, சிறிதளவு மாலிப்டினமும் வனேடியமும் உண்டு. ராக்வெல் கடின அளவில் 55 அல்லது 56. எடை 200 கிராமுக்குள் அடங்கும். மெல்லிய அலகு என்பதால் கனமான காய்களைப் பிளக்காமல், அவற்றுக்குள் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இந்த ஒரு குணத்தில், இதைவிடப் பல மடங்கு விலையுள்ள தடித்த கத்திகளை இது தோற்கடிக்கிறது. பிடி அலகோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருப்பதால் ஆணியும் இல்லை, பொருத்தும் இல்லை. நீர் புகுந்து தங்க இடமே கிடையாது. எண்ணெய்க் கையிலும் நழுவுவதில்லை. குறையென்றால், கூர் விரைவாகத் தளர்கிறது. அன்றாடம் சமைக்கும் வீட்டில் சில நாள்களுக்கு ஒருமுறை தீட்டுகோலில் இழுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இழுத்தவுடன் திரும்பிவிடும். மென்மையான எஃகுக்கு இருக்கும் பெரிய நன்மை இது.

இதைத் தயாரிப்பவர்களே டிஷ்வாஷரில் கழுவலாம் என்றும், கையால் கழுவுவதே மேல் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. இயந்திரத்தில் போட்டால் பிடிக்கு ஒன்றும் ஆகாது. கூர் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய கூரை மீட்பது இந்தக் கத்தியில் எளிது என்பதால்தான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

வுஸ்ட்ஹோஃப் கிளாசிக் முற்றிலும் வேறு மரபைச் சேர்ந்தது. 1814-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் இருக்கும் சோலிங்கன், நூற்றாண்டுகளாகக் கத்திக்கும் வாளுக்கும் பெயர்பெற்ற நகரம்; அங்கே செய்யப்படாத கத்திமேல் அந்த ஊரின் பெயரைப் பொறிக்கக் கூடாது என்று 1938-இலேயே சட்டம் வந்துவிட்டது. எஃகின் குறியீடு விக்டோரிநாக்ஸில் கண்ட அதே குறியீடுதான். ஆனால் கடினம் 58, கூர்க்கோணம் ஒரு பக்கத்துக்கு 14 டிகிரி. ஒரே எஃகை வேறு விதமாகப் பதப்படுத்தித் தீட்டினால் எவ்வளவு வேறுபாடு வரும் என்பதற்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பிடித்து வெட்டிப் பார்ப்பதே சான்று. அலகின் எஃகு பிடியின் கடைசி வரை ஓடி, மூன்று ஆணிகளால் இறுக்கப்பட்டிருக்கிறது. கிட்டத்தட்டக் கால் கிலோ கனம். கத்தியின் கனமே பாதி வேலையைச் செய்ய வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு இதைவிட நிறைவான கத்தி கிடைப்பது அரிது.

எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. அலகும் பிடியும் சேரும் இடத்தில் உள்ள தடித்த கழுத்துப் பகுதி, வாயின் கடைசி வரை இறங்கி நிற்கிறது. விரலுக்கு அது பாதுகாப்பு என்பார்கள். சாணைக்கல்லில் தீட்டும்போது அந்தத் தடிப்பு கல்லில் இடித்து, அலகின் அடிப்பகுதியை முழுவதும் தீட்ட விடாமல் தடுக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல நடுப்பகுதி தேய்ந்து, அடிப்பகுதி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், பலகைக்கும் வாய்க்கும் இடையே வெளிச்சம் தெரியும். அதே நிறுவனத்தின் ஐகான் வரிசையில் இந்தக் கழுத்து பாதியோடு நின்றுவிடுகிறது. கைப்பிடி இதமாக இருந்தால் அதை வாங்குவதே அறிவுடைமை. கழுவுவதைப் பொறுத்தவரை, கிளாசிக்கின் கறுப்புப் பிடி பாலியாக்சிமெத்திலீன் என்ற உறுதியான பிளாஸ்டிக், நீரை உறிஞ்சாது. ஆனால் பிளாஸ்டிக்கும் எஃகும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால், அடுத்தடுத்த இயந்திரக் கழுவல்களில் ஆணிப் பொருத்துகள் தளர வாய்ப்பிருக்கிறது. இவ்வளவு கொடுத்து வாங்கிய கத்திக்கு அந்தச் சோதனை வேண்டியதில்லை.

குளோபல் ஜி-2 1985-இல் கோமின் யமாடாவின் வடிவமைப்பில் வெளிவந்தது. அலகும் பிடியும் எஃகே. இரண்டையும் பற்றவைத்து, பொருத்து தெரியாமல் மெருகேற்றியிருக்கிறார்கள். பிடியின் உள்ளே குழியாக இருக்கும். எடை சமன்படும் அளவுக்கு அதற்குள் மணலை நிரப்பியிருக்கிறார்கள். கையில் எடுத்தவுடன் நுனிக்கும் பிடிக்கும் இடையே கனம் சரிசமமாக உட்கார்ந்துகொள்வது இதன் காரணமாகத்தான். மரமும் இல்லை, ஆணியும் இல்லை, எஃகில் குரோமியம் 18 விழுக்காடு. ஆகவே டிஷ்வாஷருக்கு இதைவிடப் பொருத்தமான கத்தி உண்டா என்று தோன்றும். பிடியைப் பொறுத்தவரை அது சரி. வாய் என்னவோ மற்றக் கத்திகளின் வாயைப்போலத்தான். கரண்டியில் இடித்தால் அதே கதிதான். என் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஈரமும் கொழுப்பும் பட்ட கையில் அந்த வழவழப்பான பிடி நிற்பதில்லை. கறுப்புப் புள்ளிகளாகக் குழித்து வைத்திருப்பது பார்வைக்கு உதவும் அளவுக்குப் பிடிமானத்துக்கு உதவவில்லை. அலகின் முதுகும் விரல் அழுந்தும் இடத்தில் கூராகவே விடப்பட்டிருக்கிறது. நீண்ட நேரம் நறுக்கினால் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் காய்ப்பு ஏறும். சிறிய கை உடையவர்களுக்கும், விரைவாக வேலை முடித்து வைத்துவிடுபவர்களுக்கும் இது பிடிக்கக்கூடும்.

ஷுன் கிளாசிக்கைப் பற்றிச் சொல்லும்போது நான் நடுநிலையாக இருப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான்கில் வெட்டுவதற்கு இதுவே எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானின் செகி நகரத்தில் 1908-இல் தோன்றிய காய் நிறுவனத்தின் தயாரிப்பு. நடுவில் கடினமான எஃகு, இரு பக்கமும் அலை அலையான கோடுகள் தெரியும் மென்மையான எஃகு அடுக்குகள். நடு எஃகின் கடினம் 60-61. கூர்க்கோணம் ஒரு பக்கத்துக்கு 16 டிகிரி. இந்தக் கடினம் இருப்பதால்தான் மெல்லிய வாய் மடியாமல் நிற்கிறது. வெங்காயத்தை மெல்லிசாக அரியும்போது அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகாமல் அப்படியே நிற்கும். வெட்டுப்பட்ட பரப்பு கண்ணாடிபோல் இருக்கும். கடினத்தின் மறுபக்கம், பக்கவாட்டு அழுத்தத்தை இது தாங்காது என்பது. எலும்பில் பட்டாலோ, உறைந்த உணவை நெம்பினாலோ, பலகைமேல் இருப்பதை வாயால் வழித்துத் தள்ளினாலோ, மடிவதற்குப் பதிலாகச் சில்லு பெயர்ந்துவிடும். பெயர்ந்த சில்லைத் தீட்டுகோலால் சரிசெய்ய முடியாது. சாணைக்கல்லில் உட்கார்ந்து, அந்தப் பள்ளத்தின் ஆழம் வரை அலகு முழுவதையும் தேய்த்துக் குறைக்க வேண்டும். பிடி, பிசின் ஏற்றி அழுத்திய மரம். சாதாரண மரத்தைவிட நீரைத் தாங்கும் என்றாலும், காரம் கலந்த வெந்நீர் மெருகை எடுத்துவிடும். இயந்திரக் கூடைக்குள் மோதல், காரம், நீராவி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இதன் பலவீனமான இடங்களையே தாக்குகின்றன. இதை வாங்கி டிஷ்வாஷரில் போடுவதைவிட வாங்காமலே இருந்துவிடலாம்.

ஸ்டெயின்லெஸ் அல்லாத கார்பன் ஸ்டீல் கத்தியை விரும்புபவர்களும் இருக்கிறார்கள். தீட்டினால் அற்புதமாகக் கூர் ஏறும். நாளடைவில் மேற்பரப்பில் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் படிந்து ஓரளவுக்குக் காப்பாற்றும். ஈரத்தோடு கொஞ்ச நேரம் விட்டாலே செந்துரு தோன்றும் என்பதால் இயந்திரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. துடைத்த பிறகு உணவுக்குப் பயன்படுத்தத்தக்க கனிம எண்ணெயை மெல்லப் பூசி வைக்க வேண்டும். சமையல் எண்ணெயைப் பூசினால் அது காய்ந்து பிசுபிசுப்பாகிவிடும். ஜிர்கோனியாவில் செய்த பீங்கான் கத்தி துருவே பிடிக்காது, காரத்துக்கும் அஞ்சாது. ஆனால் கூடைக்குள் ஒரு தட்டு இடித்தால் போதும்.

கையால் கழுவுவது ஏதோ பெரிய சடங்குபோல் பேசப்படுகிறது. ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை அது. நறுக்கி முடித்தவுடன், கறை காய்வதற்குள், வெதுவெதுப்பான நீரும் இரண்டு சொட்டுப் பாத்திரத் திரவமும் போதும். மென்மையான பஞ்சைக் கத்தியின் முதுகுப் பக்கமாக மடித்து வைத்து, வாய் வெளிப்புறம் பார்த்திருக்க, பிடியிலிருந்து நுனியை நோக்கி ஒரே திசையில் இழுக்க வேண்டும். நுனியிலிருந்து பிடியை நோக்கித் திரும்பும் இழுப்பில்தான் விரல் வெட்டுப்படுகிறது. பஞ்சின் மறுபுறம் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான பச்சைப் பகுதியை அலகின்மேல் படவிடக் கூடாது. அதிலுள்ள உராய்வுத் துகள்கள் அலகில் கீறல்களை உண்டாக்கும். கீறலில் நீர் தங்கும், நீர் தங்கிய இடத்தில் புள்ளி விழும். அலகும் பிடியும் சேரும் இடத்தைப் பழைய பல்துலக்கியால் ஒருமுறை தேய்த்துவிடலாம். அலசியவுடன் துணியை முதுகின்மேல் மடித்து, கழுவிய அதே திசையில் துடைக்க வேண்டும். வடிதட்டில் சாய்த்து வைத்துத் தானாகக் காயட்டும் என்று விட்டால், கழுவியதன் பலன் பாதி போய்விடும். நீர் ஆவியான இடத்தில் உப்பும் சுண்ணாம்பும் புள்ளியாகத் தங்கும், அதன் கீழே அரிப்பு தொடங்கும். எலுமிச்சையோ தக்காளியோ நறுக்கிய கத்தியை அடுத்த வேலைக்கு எடுக்கும் முன் குறைந்தது நீரில் ஒருமுறை அலசித் துடைப்பது நல்லது. பச்சை இறைச்சி வெட்டிய பிறகும் சூடான சோப்பு நீரே போதும். குளோரின் கலந்த வெளுப்பு நீரில் ஊறவைத்தால் கிருமியோடு கத்தியும் போகும்.

ஊறவைப்பது என்றவுடன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழுவுதொட்டியில் நுரை நீருக்கு அடியில் கத்தி கிடப்பதை எந்த வீட்டில் பார்த்தாலும் எனக்குப் பதறும். கத்திக்கு ஏற்படும் கெடுதல் இருக்கட்டும். அடுத்து அந்த நீருக்குள் கையை விடப்போவது யார் என்று யாருக்கும் தெரியாது.

ஏற்கெனவே புள்ளி விழுந்த கத்தியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சமையல் சோடாவை நீரில் குழைத்துப் பூசி, அலகின் மெருகுக் கோடுகள் ஓடும் திசையிலேயே மென்மையான துணியால் தேய்த்தால் மேலோட்டமான பழுப்புப் புள்ளிகள் போய்விடும். அவற்றுள் பல கத்தியின் சொந்தத் துருவே அல்ல. கூடையிலிருந்தோ வேறு மலிவான பாத்திரத்திலிருந்தோ கழன்று வந்து ஒட்டிய துரு. நகத்தால் தடவினால் குழி தட்டுப்படும் அளவுக்கு ஆழமான புள்ளி, அதுவும் வாயின் மேலேயே இருந்தால், சாணைக்கல்தான் வழி. 1000 எண் கல்லில் தீட்டி, அதைவிட நுண்மையான, 3000-க்கும் 6000-க்கும் இடைப்பட்ட எண் கொண்ட கல்லில் மெருகேற்றினால் வீட்டு வேலைக்குப் போதும். 45 மில்லிமீட்டர் அகலமுள்ள அலகைக் கல்லில் வைக்கும்போது முதுகு சுமார் 12 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் கோணம் 15 டிகிரி; 15 மில்லிமீட்டருக்கு உயர்ந்தால் ஏறத்தாழ 20. ஒரு பக்கத்தைத் தீட்டிக்கொண்டே வந்தால், மறுபக்கத்தில் வாய் நெடுக மெல்லிய பிசிறு எழும்பும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்க்கு வெளிநோக்கி இழுத்துப் பார்த்தால் அது சொரசொரப்பாகத் தட்டுப்படும். அது அடியிலிருந்து நுனி வரை எழும்பிய பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். விக்டோரிநாக்ஸுக்கும் வுஸ்ட்ஹோஃபுக்கும் எஃகுத் தீட்டுகோல் பொருந்தும். ஷுன் போன்ற கடினமான அலகைக் கோடு போட்ட எஃகுக் கோலில் இழுத்தால் சில்லு பெயரும். வழவழப்பான பீங்கான் கோலே அதற்கு ஏற்றது.

தட்டுகளைக் கையால் கழுவும்போது அவற்றின் விளிம்பு உடைந்து போகிறது என்ற எரிச்சலில்தான் ஜோசஃபின் காக்ரன் பாத்திரம் கழுவும் இயந்திரத்தை உருவாக்கி, 1886-இல் காப்புரிமை பெற்றார் என்பார்கள். தட்டின் விளிம்பைக் காக்க வந்த இயந்திரம் கத்தியின் வாயைக் காக்கவில்லை என்பதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் இயந்திரத்தில்தான் கழுவியாக வேண்டும் என்ற நிலை சிலருக்கு உண்டு. கை வலியோ, தோல் ஒவ்வாமையோ, நேரமின்மையோ காரணமாக இருக்கலாம். அவர்கள் கத்தியைக் கரண்டிக் கூடையில் செருகாமல், மேல் தட்டில் படுக்கையாக, வாய் எதன்மேலும் படாதபடி தனியாக வைக்க வேண்டும்; வெள்ளிப் பொருள்களை அதன் அருகே வைக்கவே கூடாது, ஏனெனில் இருவேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு விரைவாகும். இயந்திரம் நிறையட்டும் என்று அழுக்குக் கத்தியை உள்ளேயே நாள்கணக்கில் காத்திருக்க வைப்பதைவிட, ஓட்டும் நேரத்தில் வைப்பது நல்லது. குளோரின் கலந்த சலவைத் திரவத்தைத் தவிர்க்க வேண்டும். உப்பு நிரப்பினால் மூடியை இறுக்கி, சிந்திய உப்பு போகும்படி உடனே ஒருமுறை வெறுமனே ஓட்டிவிட வேண்டும். கடைசி அலசல் முடிந்ததும், உலர்த்தும் கட்டம் தொடங்குவதற்கு முன்பே கதவைத் திறந்து கத்தியை மட்டும் எடுத்துத் துடைத்துவிடலாம். கூடைக் கம்பிகளையும் அவ்வப்போது பார்க்க வேண்டும்: கத்தி உரசி உரசி அவற்றின் மேலுள்ள பிளாஸ்டிக் பூச்சு கிழிந்தால், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து, அந்தத் துரு அடுத்த சுற்றில் எல்லாப் பாத்திரங்களின் மேலும் படியும். கிழிந்த முனைகளுக்கு மாட்டும் ரப்பர் உறைகள் தனியாகக் கிடைக்கின்றன. பூச்சு பல இடங்களில் உரிந்துவிட்டதென்றால் கூடையையே மாற்ற வேண்டியிருக்கும்.